டெர்மினல், கிட், சர்வர்: மூன்றாண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கட்டளை வரி (டெர்மினல்), கோப்பு மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் பதிப்புக் கட்டுப்பாடு (கிட்), சர்வர் பக்க நிரலாக்கம் ஆகிய மூன்றையும் நான் கற்கத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கற்ற புதிதிலேயே எழுதியிருந்தால், எது எளிது, எது கடினம் என்று சொல்வதோடு இந்த அனுபவப் பகிர்வு முடிந்திருக்கும். அன்றாட வேலையில் மூன்றையும் சேர்த்துப் புழங்கிய பிறகுதான், தொடக்க மாதங்களில் நேரத்தை எங்கே வீணாக்கினேன் என்பது தெளிவாயிற்று. கட்டளைகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேனே தவிர, அவை என் கோப்புகளில் என்ன செய்கின்றன என்று ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை.

டெர்மினலில் கோப்புறைகளுக்குள் நுழைவது, நகலெடுப்பது, அழிப்பது போன்றவை இரண்டு வாரங்களில் கைக்கு வந்துவிட்டன. அதன் உண்மையான வலிமை பைப்பில் இருக்கிறது என்பதை உணரத்தான் அதிக காலம் பிடித்தது. 1973இல் யூனிக்ஸ் இயங்குதளத்தில் இடம்பெற்ற இந்த வசதி, ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலின் உள்ளீடாகத் தருகிறது. சர்வரின் பதிவுக் கோப்பில் எந்த முகவரிக்கு அதிகமாகப் பிழை வருகிறது என்று அறிய, கிரெப் கொண்டு வரிகளை வடிகட்டி, கட் கொண்டு முகவரியை மட்டும் பிரித்தெடுத்து, வரிசைப்படுத்தும் சார்ட், ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கி எண்ணும் யூனிக் என்று அடுத்தடுத்துக் கோத்தால் ஒரே வரியில் விடை கிடைக்கிறது. முதன்முறை நான் சார்ட்டை விட்டுவிட்டேன். எண்ணிக்கை தவறாக வந்தது. யூனிக் அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரியான வரிகளை மட்டுமே ஒன்றாக்கும் என்பதை அந்தத் தவறுதான் கற்றுத்தந்தது. அதன்பிறகு எந்தப் புதிய கட்டளையையும் அதன் கையேட்டுப் பக்கத்தைப் படிக்காமல் நான் நம்புவதில்லை.

கிட் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) குழுவினர் பயன்படுத்தி வந்த பிட்கீப்பர் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியின் இலவச உரிமம் திரும்பப் பெறப்பட்டபோது, 2005 ஏப்ரலில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதை எழுதத் தொடங்கினார். உலகெங்கும் சிதறியிருப்பவர்கள் ஒரு மைய சர்வரை நம்பியிராமல் வேலை செய்ய வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்த கருவி என்பதால்தான், முழு வரலாறும் நம் கணினியிலேயே இருக்கிறது. இதை அறியாதவரை, மாற்றத்தை நம் கணினியில் பதிவு செய்யும் கமிட்டும், அதை வேறு சர்வருக்கு அனுப்பும் புஷ்ஷும் ஏன் இரு தனிச் செயல்கள் என்பது எனக்குப் புரியவே இல்லை.

ஏறத்தாழ ஆறாவது மாதத்தில், தவறான கோப்புறையில் நிற்பதைக் கவனிக்காமல், இரண்டு நாள் வேலை அடங்கிய பிராஞ்சின் (தனி வேலைக் கிளையின்) மீது, அதைப் பழைய கமிட்டுக்குத் திருப்பும் 'கிட் ரீசெட் --ஹார்ட்' கட்டளையை இயக்கிவிட்டேன். நான்கு கமிட்டுகள் கண்ணெதிரே மறைந்தன. கை நடுங்கியது இன்றும் நினைவிருக்கிறது. அன்றிரவு 'கிட் ரீஃப்ளாக்' கட்டளையைக் கண்டறிந்தேன். ஹெட் (நாம் நிற்கும் கமிட்டைச் சுட்டும் குறி) கடந்துவந்த ஒவ்வொரு நிலையும் அதில் வரிசையாக இருந்தது. அந்தப் பட்டியலில் என் கடைசிக் கமிட்டின் எண்ணைத் தேடியெடுத்து, அதிலிருந்து புதிய பிராஞ்ச் ஒன்றைத் தொடங்கியதும் நான்கு கமிட்டுகளும் திரும்பக் கிடைத்தன. கமிட் செய்யாமல் விட்டிருந்த ஒரு கோப்பின் மாற்றங்கள் மட்டும் திரும்பவே இல்லை, ஏனெனில் அவை ஒருபோதும் கிட்டிடம் ஒப்படைக்கப்படவில்லை.

மறுநாள், மறைந்திருக்கும் கிட் கோப்புறையை முதன்முறையாகத் திறந்து பார்த்தேன். நான் உருவாக்கியிருந்த பிராஞ்ச், கமிட்டின் 40 எழுத்து அடையாளமும் ஒரு வரி முடிவும் மட்டுமே கொண்ட, 41 பைட் அளவுள்ள சிறு உரைக்கோப்பாக இருந்தது. பிராஞ்ச் என்றால் திட்டத்தின் முழு நகல் என்று அதுவரை எண்ணியிருந்தேன். அந்த ஒரு கோப்பைப் பார்த்த பிறகு பிராஞ்சுகளை இணைக்கும் மெர்ஜ், ரீசெட், கமிட்டுகளை வேறொரு கமிட்டின் மேல் மீண்டும் அடுக்கும் ரீபேஸ் ஆகிய மூன்றும் என் மனத்தில் தாமாகவே ஒழுங்கு பெற்றன. யாருக்கேனும் கிட் கற்பிக்கும் வாய்ப்புக் கிடைத்தால், கட்டளைப் பட்டியலைத் தருவதற்கு முன் இந்தக் கோப்பைத்தான் திறந்து காட்டுவேன். புதிதாகத் தொடங்குபவர்கள், 2019இல் வெளிவந்த 2.23 பதிப்பில் சேர்க்கப்பட்ட ஸ்விட்ச், ரீஸ்டோர் கட்டளைகளையே பழகுவது நல்லது. பிராஞ்ச் மாறுவது, கோப்பை மீட்பது என்ற இருவேறு வேலைகளை ஒரே பெயரில் செய்யும் பழைய செக்அவுட் கட்டளை என்னை நெடுநாள் குழப்பியது.

இன்னொரு தவறின் விளைவு கடுமையாக இருந்தது. தரவுத்தளக் கடவுச்சொல் அடங்கிய கோப்பைக் கமிட் செய்து, புஷ்ஷும் செய்துவிட்டேன். அடுத்த கமிட்டில் அதை நீக்கிவிட்டு நிம்மதியடைந்தேன். ஆனால் பழைய கமிட்டில் அது அப்படியே இருந்தது. ஒருமுறை வெளியே சென்ற கடவுச்சொல்லை உடனடியாக மாற்றுவதே சரியான முதல் நடவடிக்கை. வரலாற்றைச் சுத்தம் செய்வது அதற்குப் பிந்தையது. கிட் புறக்கணிக்க வேண்டியவற்றைப் பட்டியலிடும் கிட்இக்னோர் கோப்பில் பெயரைச் சேர்ப்பதும், கிட் ஏற்கெனவே கண்காணித்துவரும் கோப்பைப் பாதிக்காது.

சர்வர் பக்க நிரலாக்கத்தை நான் நோட்.ஜேஎஸ்ஸில் (ஜாவாஸ்கிரிப்ட் நிரலை சர்வரில் இயக்கும் தளத்தில்) தொடங்கினேன். வேலையை எளிதாக்கும் எக்ஸ்பிரஸ் சட்டகத்துக்குள் நேரடியாக நுழையாமல், உடன்வரும் எச்டிடிபி தொகுதியைக் கொண்டே ஒரு மாதம் எழுதியது மிகச் சரியான முடிவு. கோரிக்கையின் தலைப்புகள், உடல், நிலைக் குறியீடு எல்லாவற்றையும் கையாலேயே கையாள வேண்டியிருந்ததால், 400 வரிசை கோரியவரின் பிழை, 500 வரிசை சர்வரின் பிழை என்ற வேறுபாடு ஆழமாகப் பதிந்தது. பயனர்களின் தற்காலிகத் தகவலைப் பொது மாறியில் வைத்தது நான் செய்த பெரிய தவறு. என் கணினியில் ஒருவனாகச் சோதித்தபோது அது சரியாக இயங்கியது; இருவர் ஒரே நேரத்தில் நுழைந்தபோது ஒருவரின் தகவல் மற்றவருக்குத் தெரிந்தது. சர்வர் நிரல் ஒரே செயல்முறையாக நின்று எல்லாருக்கும் விடையளிக்கிறது என்பதை எந்தப் பாடமும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

வேறு கணினியில் நிறுவியபோது வெளியிலிருந்து தளம் திறக்கவில்லை, நிரல் அதே கணினியைக் குறிக்கும் 127.0.0.1 முகவரியில் மட்டும் காத்திருந்தது. அதைச் சரிசெய்தேன், தொலைவிலிருந்து சர்வரில் நுழையும் எஸ்எஸ்எச் இணைப்பை மூடியதும் நிரலும் நின்றது. லினக்ஸில் நிரல்களைப் பின்னணியில் இயக்கும் சிஸ்டம்டியில் சேவையாகப் பதிவு செய்த பிறகே அது நிலைத்தது.

இன்று ஒரு மாற்றத்தை வெளியிடும்போது, முதலில் 'கிட் ஸ்டேட்டஸ்' பார்த்து, சர்வரில் புல் செய்து (புதிய கமிட்டுகளை இறக்கி), சேவையை மறுதொடக்கம் செய்து, தளத்துக்குக் கோரிக்கை அனுப்பும் கர்ல் கொண்டு வெற்றியைக் குறிக்கும் 200 வருகிறதா என்று சரிபார்க்கிறேன். பின்னர்ப் பதிவுக் கோப்பை, அதன் கடைசி வரிகளைக் காட்டும் டெயிலில் திறந்துவைத்துச் சில நிமிடங்கள் கவனிக்கிறேன். 500 தென்பட்டால், காரணம் தேடுவதற்கு முன்பே முந்தைய கமிட்டுக்குச் சர்வரைத் திருப்பிவிட்டு, பிழையை என் கணினியில் அமர்ந்து நிதானமாகத் தேடுகிறேன்.