மலை ரயிலைப் படமெடுக்க: உள்ளே உட்காருவதா, வெளியே நிற்பதா?

புதுச்சேரியில் ராத்திரி பஸ் ஏறி, கோவை வழியாக மேட்டுப்பாளையம் போய் நீலகிரி மலை ரயிலைப் படமெடுக்க நினைப்பவர்கள் முதலில் அலைவது ரயில் டிக்கெட்டுக்குத்தான். படத்துக்கு அது கட்டாயம் இல்லை என்பது என் கட்சி.

காரணம் எளிது. மேலே ஏறும்போது நீராவி எஞ்சின் பின்னால் இருந்து தள்ளுகிறது. முன்பெட்டியில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன்தான் ரயிலின் முகம். உள்ளே இருப்பவருக்கு வளைவில் எட்டிப் பார்த்தால் எஞ்சினின் ஒரு துண்டு தெரியும், அதற்கும் குறுக்கே நாலு செல்போன் கைகள். பயணத்தின் உண்மையான லாபம் ஹில்குரோவ் நிலையம். எஞ்சின் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் இறங்கி, சக்கரம், குழாய், வியர்த்த முகங்கள் என்று கிட்டத்தில் எடுக்கலாம். குரங்குகளிடம் லென்ஸ் மூடியை மட்டும் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

வெளியே நின்றால் முழு ரயிலும் வளைவோடு சேர்ந்து சட்டகத்துக்குள் வரும். கல்லாறு முதல் குன்னூர் வரை பல் தண்டவாளம், அதாவது எஞ்சினின் பல்சக்கரம் பற்றி ஏற நடுவே பல் பட்டை உள்ள தடம். செங்குத்தான இடங்களில் ஏறக்குறைய 12 அடிக்கு ஒரு அடி ஏற்றம். அங்கே எஞ்சினின் நாலு சிலிண்டர்களும் (ஆவியின் அழுத்தத்தில் இயங்கும் உருளைகள்) வேலை செய்யும், ரயிலோ ஊர்ந்துதான் வரும். விலை உயர்ந்த கேமரா வேண்டாம், பொறுமை போதும். தண்டவாளத்தில் இறங்கி நடப்பது மட்டும் ரயில்வே சட்டப்படி குற்றம், சாலையோரமே போதும்.

ஏறும் ரயிலா, இறங்கும் ரயிலா என்றால் யோசிக்கவே வேண்டாம், ஏறுவதுதான். இறங்கும்போது எஞ்சின் முன்னால் இருக்கிறது என்று ஆசைப்படுவோம். ஆனால் பாரத்தைப் பிடித்துக்கொண்டு வருவதால் புகையும் ஆவியும் குறைவு. அது வருவதோ மாலையில், கிழக்குச் சரிவு நிழலுக்குள் போன பிறகு. காலை ரயிலுக்கு வெயில் முகத்தில் அடிக்கும்.

இடத்தில்தான் சிக்கல். கல்லாறில் பாக்குத் தோப்பு அழகு, போக்குவரத்தும் சுலபம். ஆனால் அடிவாரத்துச் சூட்டில் ஆவி வெளியே வந்ததும் கரைந்துவிடும். குன்னூருக்குச் சற்றுக் கீழே, ரன்னிமேட்டில் காட்டேரிப் பூங்கா பக்கம் குளிர்ந்த ஈரக்காற்றில் அதே ஆவி வெள்ளைத் துணி மாதிரி நின்று காட்டும். நான் அங்கேதான் நிற்பேன். நிற்க மூன்றாவது இடம் குன்னூர் நிலையம். எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் மாட்டுவதை நின்ற நிலையில் எடுக்க அது வசதி. அதற்கு மேல் ஊட்டி வரை பெரும்பாலும் டீசல்தான், நீராவிப் பிரியர்கள் போக வேண்டியதில்லை.

அப்புறம் மாதம். செப்டம்பர் இறுதி, அக்டோபர் தொடக்கம், அதாவது புரட்டாசியில், ஆவி கொஞ்சம் மெலிவாக இருந்தாலும் ரயில் ஓடும் நம்பிக்கை அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் ஆவிக்கு இதைவிட நல்ல காற்று கிடையாது. ஆனால் வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து சேவை நிற்பதும் அப்போதுதான். ஒரே பயணம் போதும் என்பவருக்குப் புரட்டாசி. விடுமுறையை மாற்றிக்கொள்ள முடிந்தவருக்கு ஐப்பசி. கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்றால், அந்த வாரம் பஸ் டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள்.