கொங்கிறீட்டை உடைப்பதா, அறுப்பதா, கோர் போடுவதா?

திருகோணமலையில் புது வீடு கட்டும் வேலையைவிடக் கட்டின வீட்டை மாற்றும் வேலைதான் இப்போது கண்ணில் அதிகம் படுகிறது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மேல்மாடி அறையை வெளிநாட்டுக்காரருக்கு வாடகைக்கு விட ஒரு குளியலறை வேண்டும். உவர்மலையில் பழைய வீட்டுக்கு ஏசி பூட்ட வேண்டும். அன்புவழிபுரத்தில் மகள் குடும்பத்துக்காக வீட்டின் பின்பக்கம் தனி வாசல் வேண்டும். எந்த வேலையானாலும் எங்கோ ஓரிடத்தில் இறுகிப்போன கொங்கிறீட்டில் கை வைத்துத்தான் ஆகவேண்டும்.

அப்போது வழிகள் இவ்வளவுதான். மேசன் சுத்தியல், உளி அல்லது அதிர்ந்து அடிக்கும் பிரேக்கர் மெஷின் கொண்டு உடைப்பார். கிரைண்டரில் வைர டிஸ்க் மாட்டி அறுக்கலாம். கோர் மெஷின்காரரைக் கூப்பிட்டு வட்டமாகத் துளைக்கலாம். பெரிய வேலைக்கு, சுவரில் தண்டவாளம் பொருத்தி அதில் ஓடும் சுவர் வாளும் இருக்கிறது.

நம்மவர்கள் பெரும்பாலும் கேட்பது வெட்டுக்கூலியை மட்டும். அந்தக் கணக்கில் பிரேக்கர்தான் எப்போதும் மலிவு. ஆனால் கடற்காற்று அடிக்கும் ஊரில் உண்மையான செலவு வெட்டிய பிறகுதான் தொடங்கும். அதிர்ந்து வெடித்த சிலாப்புக்குள், அதாவது கொங்கிறீட் தளத்துக்குள், உப்பும் ஈரமும் இறங்கிக் கம்பியைப் பிடித்தால், துரு இரும்பைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அது உள்ளிருந்து தள்ள, சிலாப்பின் அடிப்பூச்சு கொங்கிறீட்டோடு சேர்ந்து கழன்று விழும். கடற்கரை வீடுகளில் இப்படிக் கம்பி தெரியத் தொங்கும் கூரைகளைப் பார்க்காதவர்கள் குறைவு. அதனால் எது மலிவு என்பதை விட்டுவிட்டு, மிஞ்சி நிற்கும் பகுதியை எது நன்றாக விட்டுப்போகும் என்று பார்த்து வேலைக்கு வேலை ஒப்பிடுகிறேன்.

வட்டத் துளை

மேல்மாடிக் குளியலறையை எடுத்துக்கொள்வோம். கொமட்டுக்கு 110 மில்லிமீற்றர் குழாய் சிலாப்பைக் கடந்து கீழே இறங்க வேண்டும். தேவைப்படுவது ஐந்து அங்குலத் துளை. பிரேக்கரால் அடித்தால் மேலே ஓர் அடி அகலம் திறக்கும். கீழே அதைவிட மோசம். உளி அடிப்பக்கத்தை எட்டும் நேரத்தில் அங்கிருக்கும் கொங்கிறீட் புனல் மாதிரி அகலமாகப் பெயர்ந்து விழும். குழாயை வைத்துச் சுற்றிவரக் கலவை போட்டு மூடுவார்கள். பழைய கொங்கிறீட்டும் புதிய கலவையும் சேரும் அந்த வட்டத்தில்தான் அடுத்த வருடம் தண்ணீர் கசியும். கீழ் வீட்டுச் சீலிங்கில் மஞ்சள் கறை வந்ததும் எல்லாரும் குழாயைத்தான் குற்றம் சொல்வார்கள்.

கோர் மெஷின் வேறு சாதி. சிலாப்பில் ஒரு ஆணி அடித்து ஸ்டாண்டை இறுக்குவார்கள். நுனியில் வைரத்துண்டுகள் பதித்த வெற்றுக் குழல் சுழன்றுகொண்டே இறங்கும், தண்ணீர் கூடவே ஓடும். இடியும் இல்லை, அதிர்வும் இல்லை. கம்பி குறுக்கே வந்தால் சத்தம் மாறும், வேகம் குறையும், ஆனால் அதையும் அறுத்துவிடும். ஐந்து அங்குலச் சிலாப்பில் ஐந்து அங்குல விட்டத்தில் கழன்று வரும் உருளை ஏறத்தாழ நாலு கிலோ இருக்கும். கீழே ஆள் நிற்காமல் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பலகை முட்டுக் கொடுக்க வேண்டும். இதைச் சொல்லாமல் வேலை தொடங்குகிறவரிடம் நான் வேலை கொடுக்கமாட்டேன்.

அந்த உருளையை எறிந்துவிடாதீர்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் எடுத்ததைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கருங்கல் சல்லி ஒவ்வொன்றும் மட்டமாக அறுபட்டு முகம் காட்டியது. அடியிலிருந்து ஓர் அங்குலம்கூட இல்லாத இடத்தில் கம்பி வட்டமாகப் பளபளத்தது. அதைச் சுற்றி மெல்லிய மண்ணிற வளையம். பக்கத்தில் விரல்நுனி போகிற அளவுக்கு இரண்டு பொந்துகள்.

"அண்ணை, இதுக்குள்ள உப்பு இறங்கியிட்டுது. அடிப்பக்கத்தையும் ஒருக்காத் தட்டிப் பாருங்கோ" என்றார் மெஷின் பிடித்த தம்பி. தட்டினால் ஓர் இடத்தில் வெற்றுச் சத்தம். கோர் போட்ட செலவில் வீட்டுக்கு ஒரு பரிசோதனையும் நடந்துவிட்டது. பிரேக்கர் உடைத்த சல்லிக் குவியலைப் பார்த்து இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியாது.

சிலாப்பைத் துளைக்கும் குழாய்க்கு ஆகவே கோர்தான், வேறு பேச்சில்லை. ஏசிக் குழாய்க்கு அவ்வளவு வேண்டாம். சீமெந்துக்கல் சுவரில் இரண்டரை, மூன்று அங்குலத் துளைக்கு ஹாமர் ட்ரில்லில் மாட்டும் உலர் கோர் பிட்டே போதும். வெளிப்பக்கம் சற்றுச் சரிவாகத் துளைத்தால் மழைத்தண்ணீர் உள்ளே வராது. அந்தத் துளை தூணிலோ பீமிலோ விழுந்தால் மட்டும் நிறுத்துங்கள். பீமைத் துளைத்து ஏசி பூட்டுவதைவிட ஏசியை இரண்டு அடி நகர்த்துவது மேல்.

வயருக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் சுவரில் காடி

காடி என்றால் வயரையும் குழாயையும் பதிக்கச் சுவரில் வெட்டும் நீளப் பள்ளம். இங்கே கோருக்கு வேலை இல்லை. போட்டி உளிக்கும் கிரைண்டருக்கும். நாலு அங்குலக் கல் சுவரில் உளியால் அடித்துக்கொண்டு போனால் கல்லே ஆடிவிடும். உள்ளே பொந்துள்ள கல்லானால் ஓட்டையே விழும். கிரைண்டரால் இரண்டு கோடு அறுத்து, நடுவை மெல்லிய உளியால் தட்டி எடுப்பது சுத்தம். இரண்டு டிஸ்க் சேர்ந்தாற்போல் மாட்டிய காடி வெட்டும் மெஷினும் உண்டு. தூசியை உறிஞ்சும் குழாய் பொருத்தியது கிடைத்தால் இன்னும் நல்லது.

எதனால் வெட்டினாலும் ஒரு கணக்கு இருக்கிறது. நிமிர்ந்த காடி சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, படுக்கைக் காடி ஆறில் ஒரு பங்கை. நாலு அங்குலச் சுவர் என்றால் நிமிர்ந்து சுமார் 33 மில்லிமீற்றர், படுக்கையாக 17. நாம் பதிக்கும் வயர்க் குழாயே 20 மில்லிமீற்றர். அதாவது மெல்லிய சுவரில் குறுக்காகக் காடி வெட்டவே கூடாது. எலக்ட்ரீஷியன் சுருக்கு வழி என்று சுவரின் குறுக்கே கோடு போட்டால் மேலே ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். வயர் கொஞ்சம் கூடப் போகும், போகட்டும்.

சுவரில் புது வாசல்

பிரேக்கர், கிரைண்டர், சுவர் வாள் மூன்றும் நேருக்கு நேர் மோதுவது இங்கேதான். பிரேக்கர் அரைநாளில் வாசலைத் திறந்துவிடும். கூடவே பக்கத்துச் சுவரில் மயிரிழை வெடிப்புகள், மறுபக்க அறையில் கழன்ற டைல்ஸ், பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவரானால் உதிரத் தொடங்கிய பூச்சு எல்லாம் வந்து சேரும். டவுனுக்குள் இருக்கும் பழைய வீடுகளில் பிரேக்கரை ஏற்றவே வேண்டாம் என்பது என் எண்ணம். அந்தச் சாந்துக்கு அதிர்வு ஆகாது.

ஒன்பது அங்குலக் கிரைண்டர் ஏறத்தாழ இரண்டரை அங்குலம்தான் இறங்கும். டிஸ்க்கின் நடுவில் மோட்டார் தலை இருக்கிறதல்லவா, அதற்கு மேல் போகாது. ஆறு அங்குலச் சுவரை இரு பக்கமும் அறுத்தாலும் நடுவில் ஓர் அங்குலம் மிஞ்சும். அதைச் சின்ன பிரேக்கரால் தட்டலாம், விளிம்பு சுத்தமாகவே இருக்கும். இதில் ஒரு சிக்கல் மூலைதான். டிஸ்க் வட்டம் என்பதால் மூலையில் முழு ஆழம் எட்ட, மேல் முகத்தில் கோடு மூலையைத் தாண்டி ஓடிவிடும். அப்படி ஓடிய கோடு, சுமை வந்ததும் அப்படியே வெடிப்பாக நீளும். மூலைகளில் முதலில் துளை போட்டுவிட்டு அந்தத் துளை வரைக்கும் அறுத்து நிறுத்துகிறவர்தான் வேலை தெரிந்தவர்.

சுவர் வாள் முழுக் கனத்தையும் ஒரே பக்கத்திலிருந்து நேர்கோட்டில் அறுக்கும். பார்க்க அழகான வேலை. ஆனால் கல் சுவரில் மூன்று அடி வாசலுக்கு அது வீண். கம்பி போட்ட கொங்கிறீட் சுவர், தண்ணீர்த் தாங்கி, ஹோட்டல் கட்டடம் என்றால் யோசிக்கலாம். கொழும்பிலிருந்து வரவழைத்தால் சுமார் 260 கிலோமீற்றர் வாகனச் செலவும் உங்கள் தலையில்தான்.

வாசல் விஷயத்தில் மெஷினைவிட ஒழுங்குமுறை முக்கியம். முதலில் மேலே உள்ள சுமைக்கு இரும்பு ஜக் முட்டு, அப்புறம் வாசலுக்கு மேல் சுமையைத் தாங்கும் லிண்டல், அது இறுகிய பிறகுதான் கீழே வெட்டு. "முதல்ல வெட்டுவம் ஐயா, பிறகு லிண்டல் போடலாம்" என்று ஒருவர் சொன்னால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சிலாப்பில் படிக்கட்டுக்கு வழி

இது மேசனிடம் கேட்கும் கேள்வியே இல்லை, எஞ்சினியரிடம் கேட்பது. சிலாப்பின் முக்கியக் கம்பிகள் பெரும்பாலும் குறுகிய பக்கமாக ஓடும். அவற்றை அறுத்தால் அந்தச் சுமையைத் தாங்க ஓரங்களில் பீமோ இரும்போ வேண்டும். எங்கே அறுக்கலாம் என்று கோடு போட்டுக் கொடுத்த பிறகு, கம்பி காட்டும் கருவியை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாள் இறங்கவேண்டும்.

எடையையும் யாரும் யோசிப்பதில்லை. மூன்றடிக்கு மூன்றடி, ஐந்து அங்குலக் கனம் என்றால் 250 கிலோவைத் தாண்டும். அதை ஒரே துண்டாக விழவிட்டால் கீழ்த் தளமும் போகும். ஒரு அடிச் சதுரங்களாக அறுத்தால் ஒன்று 28 கிலோ அளவில் இருக்கும், இரண்டு பேர் இறக்கலாம். விளிம்பில் தெரியும் கம்பி நுனிகளை ஓர் அங்குலம் உள்ளே வெட்டி, துத்தநாகப் பூச்சு அடித்து, சுருங்காத கலவையால் மூடச் சொல்லுங்கள். மேலே பூச்சை மட்டும் இழுத்துவிட்டால் நம்மூர்க் காற்றில் நிற்காது. மொட்டை மாடிச் சிலாப்பானால் மாரிக்கு முன்னமே முடித்துவிட வேண்டும். ஒக்டோபரில் திறந்துவைத்துவிட்டு வானத்தைப் பார்க்கக்கூடாது.

முற்றமும் பழைய அத்திவாரமும்

இங்கே பிரேக்கருக்கே என் ஓட்டு. காப்பாற்ற வேண்டியது எதுவும் பக்கத்தில் இல்லை. மிஞ்சும் பகுதியின் ஓரத்தில் மட்டும் தரை வெட்டும் மெஷினால் ஒரு கோடு அறுத்துவிட்டு மற்றதை உடையுங்கள். மதிலை ஒட்டிய பெரிய கட்டியானால், துளைகளில் விரிவடையும் பொடியைக் கரைத்து ஊற்றிவிட்டு ஒரு நாள் காத்திருந்தால் சத்தமில்லாமல் பிளந்துகொள்ளும்.

தூசியும் கரண்டும்

உலர் கிரைண்டர்தான் இந்தக் கூட்டத்தில் மோசமானது. கொங்கிறீட் தூசியில் இருக்கும் நுண்ணிய சிலிக்கா நுரையீரலில் போய்ப் படிந்தால் திரும்பி வராது. அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1997 இல் வகைப்படுத்தியது. முகத்தில் சாரத்தைச் சுற்றிக்கொண்டு அறுக்கும் பையன்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். குறைந்தது என்95 முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். சோளகக் காற்று நேரத்தில் கதவு, ஜன்னலைத் திறந்துவைத்து அறுத்தால் பக்கத்து வீட்டுச் சோறும் கெடும்.

தண்ணீர் ஊற்றினால் தூசி அடங்கும். ஆனால் சாதாரணக் கிரைண்டர் தண்ணீருக்குச் செய்ததல்ல. ஈரத்தில் வேலை செய்ய உருவாக்கிய மெஷின், கரண்ட் கசிந்தால் 30 மில்லி அம்பியரில் விழும் ட்ரிப் சுவிட்ச், நல்ல எர்த் மூன்றும் இருந்தால்தான் தண்ணீர். ஒன்பது அங்குலக் கிரைண்டர் பத்து அம்பியர் வரை இழுக்கும், மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் சூடாகும்.

டிஸ்க் பற்றியும் ஒன்று. கல் கடினமானால் டிஸ்க்கும் கடினமாக இருக்கவேண்டும் என்று நினைப்போம், நேர்மாறு. வைரத்தைப் பிடித்திருக்கும் உலோகம் தேய்ந்தால்தான் புது வைரம் வெளியே வரும். நம்மூர்க் கருங்கல் சல்லிக் கொங்கிறீட்டுக்கு மென்மையான பிடிப்புள்ள டிஸ்க்கே வெட்டும். மழுங்கிப் பளபளத்தால் புதிது வாங்க ஓடாமல் மணற்பாங்கான சீமெந்துக்கல்லில் நாலு தடவை இழுத்துப் பாருங்கள், பல் திரும்ப வரும்.

கூலி பேசும்போது கோர்காரர் துளையின் விட்டத்தையும் ஆழத்தையும் பார்த்துச் சொல்வார், அறுப்பவர் அடிக்கணக்கில், பிரேக்கர்காரர் நாட்கூலியில். மூன்றையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் ஏமாந்துபோவீர்கள். உடைந்ததை அள்ளுவது, விளிம்பு பூசுவது, டைல்ஸ் மாற்றுவது எல்லாவற்றையும் சேர்த்து விலை சொல்லச் சொல்லுங்கள். கோரிலிருந்து ஓடும் சாம்பல் நிறச் சேற்றை யார் அள்ளுவது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். குளியலறை ஓட்டையிலோ வீதிக் கானிலோ ஊற்றினால் அடியில் படிந்து இறுகிவிடும். வாளியில் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் வடித்து, கட்டியை மற்ற உடைசலோடு ஏற்றிவிடச் சொல்லுங்கள்.