பச்சைப் புள்ளியை நம்பாதீர்கள்: பேட்டரி அவசர விளக்குகள் நெடுநாள் பயன்பாட்டில்

சிங்கப்பூரில் கரண்ட் போவது அபூர்வம். அவசர விளக்குகளின் பழுது வெளியே தெரியாமல் கிடப்பதற்கும் அதுவே காரணம். அடிக்கடி மின்தடை வரும் ஊரில் பேட்டரி செத்தால் அந்த வாரமே தெரிந்துவிடும். இங்கே ஆண்டுக்கணக்கில் யாரும் சோதிக்காமல் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். 2018 செப்டம்பர் 18 அதிகாலை 1.18 மணிக்குப் பல வட்டாரங்களில் ஒரே நேரத்தில் மின்சாரம் போனது. ஏறத்தாழ 147,000 வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். 38 நிமிடங்களில் எல்லாம் சரியானது. அந்த 38 நிமிடம் படிக்கட்டில் வெளிச்சம் இருந்ததா என்பதே இந்தக் கருவியின் மொத்தத் தரமதிப்பீடு.

தேக்கா கடைவீட்டு மாடிப்படி, உணவக அடுப்படி, அலுவலகப் பொய்க்கூரை, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூடம் ஆகிய இடங்களில் நெடுங்காலம் மாட்டியிருக்கும் விளக்குகளைப் பற்றியது இந்தப் பகிர்வு. பெட்டியில் அச்சிட்ட லூமன் (வெளிச்ச அளவு) கணக்கைவிட மூன்று விஷயங்கள்தான் முக்கியம்: உள்ளே எந்த வகை பேட்டரி, அது எவ்வளவு சூட்டில் இருக்கிறது, லைவ் ஒயர் (மின்சாரம் வரும் கம்பி) எங்கிருந்து வருகிறது.

இரட்டைத் தலை விளக்கு பலருக்கும் பழக்கமானது. உள்ளே 6 வோல்ட், 4 அல்லது 4.5 ஆம்ப்-மணி ஈய அமில பேட்டரி இருக்கும். விலை குறைவு, மாற்றுவதும் சுலபம். ஆனால் வெப்பம் இதற்கு எமன். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். கடைவீட்டின் மேல்மாடியில் ஓட்டுக்கூரைக்கு அடியிலும், உணவகத்தில் தோசைக்கல்லுக்கு மேலேயும் பிற்பகலில் 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். 4 ஆண்டு உழைக்கும் என்று விற்ற பேட்டரி அங்கே 2 ஆண்டில் உப்பிவிடும். குளிரூட்டிய அலுவலகச் சுவரில் அதே பேட்டரி ஒழுங்காக உழைக்கும். அதனால் இந்த வகையைத் தாழ்வான, காற்றோட்டமுள்ள சுவரில் மாட்டுங்கள். கூரைக்குள் வேண்டாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. 4.5 ஆம்ப்-மணி என்ற கொள்ளளவு, 20 மணி நேரத்தில் சார்ஜை மெல்ல இறக்கும்போது கிடைக்கும் அளவு. 2 மணி நேரத்தில் இறக்கினால் முக்கால் பங்குதான் தேறும். பேட்டரியின் மேல் எழுதியதை அப்படியே நம்பி வாட்டைக் கூட்டினால் கடைசி அரை மணி நேரம் இருட்டாகிவிடும்.

பொய்க்கூரையில் பதிக்கும் எல்இடி விளக்குகளில் பெரும்பாலும் நிக்கல் காட்மியம் செல்கள்தாம், மூன்று சேர்ந்து 3.6 வோல்ட். உயர்வெப்ப வகையாகப் பார்த்து வாங்கினால் 50 டிகிரிவரை தாங்கும். இந்தச் சூட்டுக்கு நாங்கள் இன்னும் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். புதிதாக மாற்றிய செல்லை 24 மணி நேரம் சார்ஜ் செய்த பிறகே சோதிக்க வேண்டும். முதல் சுற்றில் முழுக் கொள்ளளவு வராது, இரண்டு மூன்று முறை இறக்கி ஏற்றிய பிறகுதான் வரும். அதற்குள் மட்டமான சரக்கு என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். 3.6 வோல்ட் தொகுப்பில் மல்டிமீட்டர் 2.5 அளவில் நின்றால் ஒரு செல் ஷார்ட் ஆகிவிட்டது என்று பொருள். அந்த ஒன்றை மட்டும் மாற்றாமல் தொகுப்பையே மாற்றுங்கள். முனைகளில் வெள்ளைப் பொடி தெரிந்தால் கசிவு. அது காரம், கையுறை போட்டுத்தான் தொட வேண்டும்.

மாற்றும்போது வகையை மாற்றக் கூடாது. நிக்கல் காட்மியம் விளக்கின் சார்ஜர் நாள் முழுக்கச் சிறு மின்னோட்டத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு போட்டால் சூடேறிச் சீக்கிரம் கெடும். லித்தியம் போட்டால் ஆபத்து. வோல்ட்டும் அளவும் பொருந்துகிறதே என்று ஜாலான் புசாரில் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் புதிய விளக்குகளில் பரவலாகிவிட்டது. எடை குறைவு, ஆயுளும் அதிகம். இதில் கவனிக்க வேண்டியது, முழு சார்ஜிலிருந்து கிட்டத்தட்ட தீரும்வரை 3.2 வோல்ட்டை ஒட்டியே நின்று, பிறகு சட்டென்று விழும். ஆகவே மீட்டர் வைத்து எவ்வளவு மிச்சம் என்று சொல்லவே முடியாது. கணக்குப் போட்டு வாங்குங்கள்: 3 வாட் விளக்கு 2 மணி நேரம் எரிய 6 வாட்-மணி வேண்டும். டிரைவர் (எல்இடிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் சுற்று) இழப்புக்கு 0.85ஆல் வகுத்தால் 7. பேட்டரி வயதாகிக் கொள்ளளவு 80 விழுக்காட்டுக்கு இறங்கினாலும் தாங்க வேண்டுமென்றால் 8.8. அதாவது 3.2 வோல்ட், 3 ஆம்ப்-மணி செல் சரியாகப் போதும். 1.5 ஆம்ப்-மணி செல்லோடு அதே 3 வாட்டை விற்கும் விளக்குகளும் உண்டு. அவை புதிதாக இருக்கும்போதே 2 மணி நேரத்தைத் தொடாது.

இனி ஒயரிங். பேட்டரிகள் அகாலமாகச் சாவதற்கு முதல் காரணம் இதுதான். அவசர விளக்கின் லைவ், சுவிட்சுக்கு முன்னாலிருந்து, நிரந்தர லைவாக வர வேண்டும். சுவிட்சுக்குப் பின்னாலிருந்து எடுத்துவிட்டால், இரவு கடையடைத்து விளக்கணைக்கும்போதெல்லாம் அது மின்தடை என்று நினைத்து எரியத் தொடங்கும். தினமும் முழுதாக இறங்கி ஏறும் பேட்டரி ஓர் ஆண்டுகூடத் தாங்காது. கண்டுபிடிப்பது எளிது: கடையடைத்த பிறகு கண்ணாடி வழியே பாருங்கள், எரிகிறதென்றால் ஒயரிங் தப்பு. அடுத்த தவறு இதைவிட மோசம். அந்த இடத்து விளக்குகள் ஒரு எம்சிபியிலும் (மின்னோட்டம் மிஞ்சினால் தானே விழும் பாதுகாப்பு சுவிட்ச்), அவசர விளக்கு பிளக் பாயிண்ட் எம்சிபியிலும் இருந்தால், விளக்கு எம்சிபி மட்டும் விழும்போது அறை இருண்டிருக்கும், அவசர விளக்கு சும்மா இருக்கும். இரண்டும் ஒரே சுற்றில் இருக்க வேண்டும். இதை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டுதான் சரிசெய்ய வேண்டும்.

விளக்கின் மேல் எரியும் பச்சைப் புள்ளிக்கு வருவோம். அது சொல்வது சார்ஜர் வேலை செய்கிறது என்பதை மட்டுமே. டெஸ்ட் பட்டனை அழுத்தி ஐந்து விநாடி எரிந்தாலும் போதாது, கொள்ளளவில் பத்தில் ஒன்று மிஞ்சிய பேட்டரியும் ஐந்து விநாடி எரியும். உண்மையான சோதனை, விளக்குச் சுற்றின் எம்சிபியை இறக்கிவிட்டு முழு நேரமும் எரியவிடுவது. எத்தனை மணி நேரம் என்பதற்கு உங்கள் கட்டடத்தின் ஒப்புதல் ஆவணத்தையும் அவசர விளக்குகளுக்கான சிங்கப்பூர் எஸ்எஸ் 563 தரநிலையையும் பாருங்கள். 200 பேருக்கு மேல் கொள்ளும் பொதுக் கட்டடங்கள் தீப் பாதுகாப்புச் சான்றிதழை ஆண்டுதோறும் குடிமைத் தற்காப்புப் படையிடம் புதுப்பிக்க வேண்டும். சிறு கடைகளுக்கு அந்தக் கெடுபிடி இல்லாததால்தான் அங்கே சோதனை விட்டுப்போகிறது.

சோதனையை வேலை முடிந்த பிறகு தொடங்குங்கள். எல்லா விளக்கின் பேட்டரியையும் ஒரே இரவில் தீர்க்கக் கூடாது. மறுநாள் முழுக்கக் கட்டடம் காப்பின்றி இருக்கும். ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாதி இன்று, மீதி இரண்டு நாள் கழித்து. ஈய அமிலத்தில் தொடக்கத்திலும் 15, 60, 120ஆம் நிமிடத்திலும் வோல்ட்டைக் குறித்துவையுங்கள். நல்ல பேட்டரி எரியும்போது 6.2 அளவில் தொடங்கும். 15 நிமிடத்தில் 5.8க்குக் கீழே போனால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. 5.25இல் விளக்கு தானே அணைய வேண்டும். அணையாமல் மங்கலாக எரிந்துகொண்டே இருந்தால் பேட்டரி இறங்கியதும் துண்டிக்க வேண்டிய வெட்டுச் சுற்று பழுது, புதுப் பேட்டரியையும் அது கொன்றுவிடும். சோதிக்கும்போதே கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரில் துடைத்துவிடுங்கள். அடுப்படியில் எண்ணெய்ப் படலமும், கோயிலில் சாம்பிராணிப் புகையும் படிந்து வெளிச்சத்தைத் தின்றுவிடும்.

கடையைப் புதுப்பிக்க வாரக்கணக்கில் மின்சாரத்தை நிறுத்தப் போகிறீர்கள் என்றால், முதலில் பேட்டரி இணைப்பியைக் கழற்றிவையுங்கள். நிறைய பேட்டரிகள் ரெனொவேஷன் காலத்தில் முழுதாக இறங்கி, சார்ஜ் இல்லாமல் கிடந்துதான் சாகின்றன.

வீட்டுக்குப் பலர் வாங்குவது பேட்டரி உள்ளடக்கிய எல்இடி பல்பு. சாதாரண ஹோல்டரில் மாட்டினால் போதும் என்பது கவர்ச்சி. சுவிட்சை அணைத்ததா, மின்தடையா என்பதை அது எப்படி அறிகிறது? சுவிட்ச் போட்டிருந்தால், லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வீட்டிலுள்ள மற்றக் கருவிகளின் வழியாக ஒரு பாதை இருக்கும். அந்தப் பாதை இருந்தால் மின்தடை என்று எரியும். வீவக வீடுகளில் இருட்டு பெரும்பாலும் தெருவிலிருந்து வருவதில்லை, ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச்) விழுவதால் வருகிறது. 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடுகளும் 2025 ஜூலை 1க்குள் அதைப் பொருத்தியிருக்க வேண்டும் என்பது விதியாகிவிட்டதால் இது இன்னும் பொருந்தும். ஆர்சிசிபி விழுந்தால், அதன் கீழுள்ள ஃபிரிட்ஜ் போன்றவை வழியாகப் பாதை கிடைத்துப் பல்பு பெரும்பாலும் எரியும். விளக்கு எம்சிபி மட்டும் விழுந்தால், அந்தச் சுற்றில் வேறு எல்இடிகள் மட்டுமே இருக்கும் வீட்டில் எரியாமலும் போகலாம். வாங்கிய அன்றே இரண்டையும் தனித்தனியே இறக்கிச் சோதித்துவிடுங்கள். முதியவர்கள் இருக்கும் வீட்டில் டிபி பெட்டிக்கு (ஆர்சிசிபியும் எம்சிபிகளும் இருக்கும் மின்விநியோகப் பெட்டி) அருகே, சுவர் பிளக்கில் செருகியே இருக்கும் சிறு விளக்குதான் எங்கள் தேர்வு. ஆர்சிசிபியைத் தூக்கிவிட அங்கேதானே போக வேண்டும்.

கழித்த பேட்டரியைக் குப்பைக் குழாயில் போடக் கூடாது. முனைகளில் டேப் ஒட்டி, சிறியவற்றை மின்கழிவுத் தொட்டியில் போடுங்கள். உப்பியதையும் ஈய அமிலத்தையும் தொட்டிக்குள் தள்ளாமல், புதியது பொருத்த வருபவரிடமே எடுத்துப்போகச் சொல்லி விலை பேசும்போதே முடித்துக்கொள்ளுங்கள். புதிய பேட்டரியின் மேல் பொருத்திய மாதத்தையும் ஆண்டையும் அழியாத மையில் எழுதச் சொல்லுங்கள்.