ஃபோல்ட்ஸ்கோப்: ரிட்டயர் ஆன பிறகு கிடைச்ச மைக்ராஸ்கோப்

34 வருஷம் காலேஜ்ல பாட்டனி எடுத்தேன். போன மாசம் பேத்திக்குன்னுதான் இந்த ஃபோல்ட்ஸ்கோப்ப வாங்கினேன், ஆனா அவள விட நான்தான் அதிகமா பார்த்துட்டு இருக்கேன்.

அட்டைய பிரிச்சு, மடிச்சு, சொருகினா மைக்ராஸ்கோப் ரெடி, பசை கூட வேணாம். அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டில மனு பிரகாஷும் ஜிம் சிபுல்ஸ்கியும் பண்ணினது, 2014ல ஆராய்ச்சிக் கட்டுரையா வந்துச்சு. மனு பிரகாஷ் மீரட்ல பொறந்து ஐஐடி கான்பூர்ல படிச்சவர். உள்ள இருக்கறது ஒரே ஒரு குட்டி கண்ணாடி உருண்டை, அதுவே 140 மடங்கு பெருசா காட்டுது. 1670கள்ல நெதர்லாந்துல டெல்ஃப்ட் ஊர் துணி வியாபாரி லீவன்ஹுக், காலேஜ் பக்கமே போகாதவர், ஏரித் தண்ணில உயிருங்க நீந்தறத பார்த்ததும் இப்படி ஒத்த லென்ஸ வச்சுத்தான்.

நான் வேலைக்கு சேர்ந்தப்போ லேப்ல நாப்பது பிள்ளைங்களுக்கு நல்லா தெரியற மைக்ராஸ்கோப் ரெண்டுதான். ஸ்பைரோகைராங்கற நூல் மாதிரி பச்சைப் பாசிய ஃபோகஸ் பண்ணி வச்சா ஆளுக்கு அரை நிமிஷம், பெல் அடிச்சிடும், கடைசில நின்ன பிள்ளைங்க பார்க்காமலே ரெக்கார்டுல படம் வரைஞ்சுதுங்க, அது இன்னிக்கும் மனசுல உறுத்துது.

இப்ப நடந்தத சொல்றேன். மொட்டை மாடி சுவத்துல காஞ்சு கெடந்த பாசிய சுரண்டி ராத்திரி தண்ணில ஊறப்போட்டு, காலைல பிழிஞ்சு ஒரு சொட்டு ஸ்லைடுல வச்சோம். பேத்திதான் முதல்ல கத்தினா, "அம்மாச்சி, குட்டியா ஒண்ணு நடக்குது!" பார்த்தா நீர்க்கரடிங்கற நுண்ணிய உயிர்! கொழுகொழுன்னு உடம்பு, எட்டு காலு, ஒவ்வொரு கால் நுனிலயும் நகம், மண் துகள புடிச்சு புடிச்சு மெதுவா போகுது. ஈரம் போனா சுருண்டு வருஷக்கணக்குல அப்படியே கெடந்து, தண்ணி பட்டா மறுபடி நடக்கும்னு புக்குல படிச்சிருக்கேன், பாசியப் பத்தி அத்தன வருஷம் பாடம் எடுத்தும் அதுக்குள்ள குடியிருக்கறவர ஒரு நாள் கூட நேர்ல பார்த்ததில்ல. எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

குறைன்னா, கண்ண லென்ஸோட ஒட்டி வச்சுப் பார்க்கணும், கண்ணாடி போட்டவங்களுக்கு கொஞ்சம் கஷ்டம். காந்தத்த ஒட்டி ஃபோன்ல மாட்டிக்கலாம், நான் அப்படித்தான் பார்க்கறேன். டியூப்லைட், ஜன்னல் வெளிச்சம் போதும், சூரியனுக்கு நேரா மட்டும் காட்டிடாதீங்க. பாக்டீரியாவ எல்லாம் இதுல தெளிவா பார்க்கலாம்னு எதிர்பார்க்க வேணாம். வீட்ல எட்டு வயசுக்கு மேல பிள்ளைங்க இருந்தா தயங்காம வாங்குங்க, கூடவே கண்ணாடி ஸ்லைடும் ஒரு இங்க் ஃபில்லரும் வாங்கி வச்சுக்கோங்க.