65 யூரோவுக்கு ஒரு பழைய கூத்தூர் உடுப்பு வரைபடம்

பாரிஸின் ஒன்பதாம் வட்டாரத்தில் பழைய தாள்களும் அஞ்சலட்டைகளும் விற்கும் ஒரு சின்னக் கடையில் போன மாதம் இதை வாங்கினேன். 1950களின் தொடக்கத்தில் ஏதோ ஒரு கூத்தூர் (couture) வீட்டில், அதாவது ஆளுக்கு அளவெடுத்து உயர்தர உடுப்பு தைக்கும் நிறுவனத்தில், வரைந்த தாள். மாலை விருந்துக்கான கவுன் போட்டு ஒரு பெண் நிற்கிறாள். கையெழுத்து இல்லை, அதனால்தான் 65 யூரோ. பெரிய பேர் போட்ட தாள் என்றால் நான் கிட்டவே போயிருக்க முடியாது.

நான் புதுச்சேரிக்காரி. இருபது வருடமாகச் சேலைக்கு ஜாக்கெட் தைக்கிறேன். அதனால் என் கண் முதலில் இடுப்புக்குத்தான் போனது. பென்சிலில் மூன்று தடவை தேடி, நான்காவது தடவை மையால் உறுதியாகப் போட்ட கோடு. மார்பிலிருந்து இடுப்புக்கு இறங்கும் இரண்டு மெல்லிய கோடுகள்தான் டாட், உடம்போடு ஒட்டத் துணியை மடித்துத் தைக்கும் இடம். பாவாடையில் மடிப்பெல்லாம் இடது பக்கம் மட்டும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுகிறது. அதன் அடியில் சாம்பல் நிறத்தை அழுத்தித் தீட்டியிருக்கிறார்கள். உள்ளே விறைப்பான துணி வேண்டும் என்பதற்கு அதுதான் குறிப்பு. வலது மூலையில் கட்டைவிரல் அளவு கரும்பச்சை டஃபெட்டா, மொடமொடப்பான பளபளப்புத் துணி, குண்டூசியால் குத்தியது. தாளைச் சாய்த்தால் இன்னமும் மின்னுகிறது!

ஓரத்தில் ஒரு எண், பக்கத்தில் 'ஃப்ளூ' (flou) என்று பென்சிலில். கூத்தூர் வீடுகளில் கவுன் மாதிரியான குழைவான உடுப்பு தைக்கும் கூடத்துக்கு அந்தப் பெயர். கோட்டு மாதிரியான விறைப்பான உடுப்புக்கு வேறு கூடம். வரைபடம் முதலில் கூடத்துத் தலைமைத் தையல்காரிக்குப் போகும். அவர் அதைப் பார்த்து வெள்ளைப் பருத்தியில் மாதிரி தைத்த பிறகுதான் நல்ல துணியில் கத்தரி படும். பேர்பெற்ற பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் கிறிஸ்தியான் டியோர்கூடச் சொந்தக் கூத்தூர் வீடு தொடங்கும் முன், 1930களில், இப்படி வரைந்து விற்றுத்தான் பிழைத்தார்.

டியோர் 1947 பிப்ரவரி 12 அன்று காட்டிய, கோட்டும் பாவாடையும் சேர்ந்த 'பார்' (Bar) உடுப்பின் சூட்சுமம் இந்தத் தாளிலும் இருக்கிறது. இடுப்பு சிறுத்துத் தெரிய வேண்டுமா, அதற்குக் கீழே பஞ்சு வைத்துப் புடைக்க விடு. இங்கேயும் இடுப்பு எலும்பு வரும் இடத்தில் கோடு சட்டென்று வெளியே வளைகிறது. காடாத் துணியில் தைத்துப் பார்த்தேன். அந்த வளைவுக்கு இரண்டு அடுக்கு வைத்ததும் இடுப்பு தானாக ஒடுங்கிவிட்டது. அளவை நான் ஒரு நூல்கூடக் குறைக்கவில்லை.

குறை என்றால், முதுகுப் பக்கம் வரையவில்லை. அந்தக் காலத்து வழக்கப்படி இடது விலாவில் ஜிப் வைத்துச் சமாளித்தேன். அதைவிட மனசு வலித்தது, கடையில் தாளை அட்டையோடு செலோடேப்பால் ஒட்டி வைத்திருந்தது. டேப் பட்ட ஓரமெல்லாம் மஞ்சள் பூத்துவிட்டது. நான் பிய்க்கத் துணியவில்லை. இப்படி வாங்கப் போகிறவர்கள் அட்டை இல்லாத தாளாகக் கேளுங்கள், துணித்துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். வெயில் படுகிற சுவரில் மாட்டாதீர்கள், சாயம் வெளுத்துவிடும்.

என்னுடையது தையல் மேசைக்கு மேலே, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. காடாத் துணி மாதிரி அக்கா மகளுக்குச் சரியாகப் பொருந்தியது. இனி அந்தக் கரும்பச்சை டஃபெட்டாவைத் தேட வேண்டும்.