ஃபயர்ஃப்ளை டிவிடி பெட்டி: கடைசியில் ஒளிபரப்பான முதல் எபிசோடு

‘ஃபயர்ஃப்ளை’ என்ற அமெரிக்க விண்வெளி டிவி தொடர், முழுவதும். நாலு டிஸ்க், 14 எபிசோடு. நான் வாங்கியது பழைய பெட்டி, ஏற்கெனவே யாரோ பார்த்துத் தேய்த்தது. மூன்றாவது டிஸ்க்கில் ஒரு கீறல் இருக்கிறது. ‘ஏரியல்’ எபிசோடின் நடுவில் படம் நாலைந்து நொடி சதுரம் சதுரமாக உடைந்து, பிறகு தானாகச் சரியாகிவிடும். விற்றவர் “புதுசு மாதிரி” என்று சொல்லித்தான் கொடுத்தார். போகட்டும்.

2003 டிசம்பரில் வந்த டிவிடிக்கு இப்போது என்ன விமர்சனம் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. டிஸ்க்கில் எபிசோடுகள் இருக்கும் வரிசையையும், 2002-ல் அமெரிக்காவின் ஃபாக்ஸ் சேனல் அவற்றை ஒளிபரப்பிய வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வயிறு எரியும். இந்தத் தொடரை நிறுத்தினார்களே என்று அழுகிற ரசிகர்கள் ஏராளம். என் கோபம் அதற்கு முந்தைய இடத்தில் இருக்கிறது. நிறுத்துவது அவர்கள் உரிமை, காசு அவர்களுடையது. ஆனால் ஒழுங்காகக் காட்டாமலே “யாரும் பார்க்கவில்லை” என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கதை நடப்பது 2517-ல். உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கத்துச் சிப்பாய் மால்கம் ரெனால்ட்ஸ் (சுருக்கமாக மால்), ஓட்டை உடைசல் கப்பல் ஒன்றை வைத்துக்கொண்டு, கிடைத்த சரக்கையும் கொஞ்சம் திருட்டையும் சுமந்து வயிறு வளர்க்கிறான். கப்பலில் மொத்தம் ஒன்பது பேர். விண்வெளிக் கப்பலும் உண்டு, குதிரையும் உண்டு. வேற்றுக்கிரகவாசி மட்டும் ஒருவர்கூடக் கிடையாது.

இதற்கு இரண்டு மணி நேர முதல் எபிசோடு ஒன்றை எடுத்தார்கள். கப்பலின் பெயரான ‘செரினிட்டி’தான் அதற்கும் பெயர். போர் எப்படித் தோற்றது, யார் யார் எப்படிக் கப்பலில் ஏறினார்கள், அந்த டாக்டர் பையன் கொண்டுவரும் பெட்டிக்குள் என்ன இருக்கிறது, எல்லாம் அதில்தான். சேனலுக்கு அது பிடிக்கவில்லை. விறுவிறுப்பு போதாதாம். வேறு தொடக்கம் எழுதச் சொன்னார்கள். தொடரை உருவாக்கிய ஜாஸ் வீடனும் அவருடன் வேலை செய்த டிம் மினியரும் ஒரே வாரக்கடைசியில் உட்கார்ந்து ‘த ட்ரெயின் ஜாப்’ எழுதிக் கொடுத்தார்கள். 2002 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை இரவு, தொடர் தொடங்கியது அந்த ரயில் கொள்ளையில். ‘செரினிட்டி’ எப்போது வந்தது தெரியுமா? டிசம்பர் 20. தொடரை நிறுத்தியாகிவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு, கடைசியாக. கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரிக்கும்போது அழைப்பிதழ் கொடுத்த கதை.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, அனுபவிப்பது வேறு. அதனால் ஒரு சோதனை செய்தேன். என் தம்பி இந்தத் தொடரைப் பற்றி ஒன்றுமே கேள்விப்படாதவன். அவனை உட்கார வைத்து, ஃபாக்ஸ் போட்ட வரிசையிலேயே போட்டுக் காட்டினேன். வேலை எனக்குத்தான். முதல் டிஸ்க்கில் இரண்டு எபிசோடு, அப்புறம் இரண்டாவது டிஸ்க்கின் பின்பாதி, அங்கிருந்து மூன்றாவது, மறுபடி இரண்டாவது, மறுபடி மூன்றாவது, ஒன்றுக்காக நாலாவது, கடைசியில் திரும்ப முதல் டிஸ்க். எழுந்து எழுந்து மாற்றியதில் முழங்கால் வலித்தது.

‘த ட்ரெயின் ஜாப்’ தொடக்கத்தில் ஒரு சாராயக்கடைச் சண்டை வரும். மால்கமைத் தூக்கி ஜன்னல் வழியே எறிவார்கள். கண்ணாடி உடையாது, ஒளியால் ஆன ஜன்னல் ஒரு கணம் மின்னிவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும். தம்பி சிரித்தான். சரி, பிடித்துவிட்டது என்று நினைத்தேன். பத்து நிமிடம் கழித்து ஒரு பெண் கட்டிலில் கிடந்து ஒரே வரியைத் திரும்பத் திரும்ப முணுமுணுக்கிறாள்.

“யாருக்கா இது? இந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு?”

“பாரு, வரும்.”

“எப்ப வரும்?”

பத்து எபிசோடு கழித்து வரும் என்று எப்படிச் சொல்வது? 2002-ல் வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு டிவியைப் போட்டவர்களுக்கும் இதே கேள்விதான் இருந்திருக்கும். பக்கத்தில் பதில் சொல்ல அக்கா இருந்திருக்க மாட்டாள். அக்டோபர் 4 அன்று, ஆறாவதாக வரவேண்டிய ‘அவர் மிஸஸ் ரெனால்ட்ஸ்’ மூன்றாவதாக வந்தது. அடுத்த வாரம் பேஸ்பால் ஆட்டம் என்று தொடரே வரவில்லை. நவம்பர் பாதிக்கு மேல் மறுபடி இடைவெளி. சராசரியாகப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 47 லட்சம் பேர் என்று கணக்கு. இத்தனை குளறுபடிக்கு நடுவிலும் அத்தனை பேர் தேடிப் பிடித்துப் பார்த்திருக்கிறார்களே என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

வெள்ளி இரவு நேரமே ராசியில்லாதது என்று சேனலுக்காகப் பரிந்து பேசுபவர்கள் உண்டு. அதே ஃபாக்ஸ் 1993-ல் ‘த எக்ஸ்-ஃபைல்ஸ்’ தொடங்கியதும் வெள்ளிக்கிழமைதான். முதல் வருடம் அதற்கும் பெரிய கூட்டம் இல்லை. விட்டுவைத்தார்கள், வளர்ந்தது. இதற்கு மூன்று மாதம்கூடப் பொறுக்கவில்லை.

எடுத்த 14-இல் ஃபாக்ஸில் வந்தது 11 மட்டும். ‘ட்ராஷ்’, ‘த மெசேஜ்’, ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’ மூன்றையும் போடவே இல்லை. பெட்டியை வாங்க இதுவே போதுமான காரணம். இந்த ரசிகர்கள் கூடும் இடங்களில் ஆரஞ்சும் மஞ்சளுமாக, காதை மூடித் தொங்கும் ஒரு பின்னல் தொப்பியைப் பார்த்திருப்பீர்கள். ஜேன் என்ற முரடனுக்கு அவன் அம்மா பின்னி அனுப்பியது. பார்சலைப் பிரித்துத் தலையில் மாட்டிக்கொண்டு அவன் முகத்தில் வரும் பெருமையைப் பார்க்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பையன் தோற்றான். அந்தக் காட்சி ‘த மெசேஜ்’ எபிசோடில் இருக்கிறது. அதாவது, ரசிகர்களின் கொடி மாதிரி ஆகிவிட்ட அந்தத் தொப்பியை அந்தச் சேனலில் பார்த்தவர் யாருமே கிடையாது. ஆனால் 2013-ல் அதற்கு உரிமம் விற்று, வீட்டில் உட்கார்ந்து பின்னி விற்றவர்களுக்கு நோட்டீஸ் மட்டும் போனது. காட்டாத தொப்பிக்குக் கப்பம்!

அதே எபிசோடைப் படம்பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் நிறுத்திவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. கடைசியில் பனியில் ஒரு சவ அடக்கம் நடக்கும். அங்கே வரும் இசையை, தொடருக்கே விடை கொடுப்பதாக நினைத்து கிரெக் எட்மன்சன் அமைத்தாராம். இது தெரியாமல் ஒரு முறை பாருங்கள், தெரிந்துகொண்டு இன்னொரு முறை பாருங்கள். வரிசையாக நிற்கும் நடிகர்களின் முகத்தில் நடிப்பு எங்கே முடிகிறது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஒரே ஒரு எபிசோடுக்குத்தான் நேரம் என்றால் ‘அவுட் ஆஃப் கேஸ்’ பாருங்கள். இன்ஜினில் ஒரு சின்னப் பாகம் போய்விடுகிறது, மூச்சுக்காற்று தீர்ந்துகொண்டே வருகிறது, மால் மற்றவர்களை அனுப்பிவிட்டுத் தனியாகக் கப்பலில் இருக்கிறான். மூன்று காலம் மாறி மாறி வரும். முடிவில் பழைய கப்பல் விற்கும் தரகர் ஒரு கப்பலைக் காட்டி வாய் ஓயாமல் புகழ்கிறார். மால் தலையை ஆட்டிக்கொண்டே வேறு பக்கம் பார்க்கிறான். கேமரா அவன் பார்த்த பக்கம் திரும்பாமல் கொஞ்சம் காக்க வைக்கும். நமக்குத் தெரியும் அங்கே என்ன நிற்கிறது என்று. இருந்தும் அது கண்ணில் படும்போது தொண்டை அடைக்கிறது.

படத்தின் தரம்: அந்தக் கால டிவிடிக்கு நன்றாகவே இருக்கிறது. ஃபாக்ஸ் போட்டது பழைய டிவி சதுரத்துக்கு வெட்டிய படம், இதில் அகலப் படமாக வருகிறது. ஒன்பது பேரும் ஒரே மேசையைச் சுற்றிச் சாப்பிடும் காட்சிகளில் வித்தியாசம் தெரியும். வெட்டவெளியில் கப்பல் போகும்போது சத்தமே இருக்காது. டிவி கெட்டுவிட்டதோ என்று ரிமோட்டைத் தேடாதீர்கள். காற்றில்லாத இடத்தில் ஓசை ஏது என்ற சாதாரண அறிவை மதித்த டிவி தொடர் அபூர்வம். கப்பல் காட்சிகளில்கூட யாரோ தோளில் கேமராவைத் தூக்கி ஓடிப் பிடித்த மாதிரி ஓர் ஆட்டம் இருக்கும். ‘செரினிட்டி’யின் கிராஃபிக்ஸுக்கு 2003-ல் எம்மி விருது கிடைத்தது. தொடர் செத்த பிறகுதான்.

கூடுதல் சமாச்சாரங்களில் சில எபிசோடுகளுக்கு நடிகர், இயக்குநர் பேசும் ஒலித்தடம் உண்டு. ‘அவுட் ஆஃப் கேஸ்’ கட்டாயம் கேளுங்கள். நீக்கிய காட்சிகள் சுமார், ஒரு முறை போதும். வாங்கும் முன் ரீஜன் கோட், அதாவது எந்த நாட்டு பிளேயரில் டிஸ்க் ஓடும் என்ற எண், பார்த்துக்கொள்ளுங்கள். 2008-ல் வந்த ப்ளூ-ரேயும் இருக்கிறது, வசதி இருந்தால் அதுவே மேல்.

தொடரில் குறையே இல்லையா? இருக்கிறது. எல்லோரும் சீன மொழியில் வைகிறார்கள், சீன எழுத்து எங்கும் தொங்குகிறது, ஆனால் கப்பலில் ஒரு சீன முகம் இல்லை. ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’ ரொம்பச் சுமார். இன்னும் ஏழு வருடம் ஓடியிருந்தால் மற்ற தொடர்களைப் போல இதுவும் புளித்திருக்கலாம். ரசிகர்கள் அடிக்க வந்தாலும் பரவாயில்லை, இப்படி எனக்கு அடிக்கடி தோன்றுகிறது.

அந்த ரசிகர்களையும் சும்மா சொல்லக் கூடாது. கைக்காசு சேர்த்து ‘வெரைட்டி’ பத்திரிகையில் விளம்பரம் போட்டார்கள். வேறு சேனலுக்குத் தபால் அட்டைகளாக அனுப்பினார்கள். அப்போது ஒன்றும் நடக்கவில்லை. இந்த டிவிடி விற்ற வேகத்தில்தான் யுனிவர்சல் படக்கம்பெனி முன்வந்து, 2005-ல் ‘செரினிட்டி’ திரைப்படமாக வந்தது. வெள்ளி எட்டு மணிக்கு யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று மட்டும் எண்ணினால் இதெல்லாம் எண்ணிக்கையில் வராதே. 2018 மே மாதம் ‘த எக்ஸ்பேன்ஸ்’ தொடருக்கும் இதே வினை. சைஃபை சேனல் கையில் இருந்தது அமெரிக்காவில் முதல் ஒளிபரப்பு உரிமை மட்டும், பிறகு ஆன்லைனில் பார்த்தவர்களால் அதற்கு லாபம் இல்லை என்று நிறுத்தியது. அங்கே விமானத்தில் பேனர் கட்டிப் பறக்கவிடும் அளவுக்கு ரசிகர்கள் இறங்க, அதே மாதம் அமேசான் எடுத்துக்கொண்டது. ஆறு சீசன் ஓடி முடிந்தது. ஃபயர்ஃப்ளை பதினாறு வருடம் முந்திப் பிறந்துவிட்டது. 2007-ல் ஸ்டீவன் ஸ்வான்சன் என்ற விண்வெளி வீரர் இதே டிவிடிகளை விண்வெளி நிலையத்துக்கே எடுத்துப் போனார் என்பது ஓர் ஆறுதல்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். கடைசியாக ‘செரினிட்டி’யைப் போட்டேன். பெட்டியைத் திறக்கும் காட்சி வந்ததும் நிறுத்தச் சொன்னான். “இதை முதல்லயே போட்டா என்னக்கா?” என்று என்னிடம் சண்டைக்கு வந்தான், நான்தான் ஃபாக்ஸ் முதலாளி மாதிரி. ஒளிபரப்பாகாத மூன்று எபிசோடு இன்னும் இருக்கிறது என்றேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மூன்று வாரம் ஆகிறது. நேற்று போன் போட்டுக் கேட்டதில், ஒன்றை மட்டும் பார்க்காமல் வைத்திருக்கிறானாம், பார்த்துவிட்டால் தீர்ந்துவிடுமே என்று. எது என்றேன். ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’. போயும் போயும் அதையா!