பழனி நடைக்கு சோலார் பேனலா, பவர் பேங்கா?

என்னுடைய மடக்கு சோலார் பேனலை ஆட்டுக் கிடை போடும் ஒருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். 5,000 ரூபாய்க்குச் சற்று மேலே போட்டு வாங்கி, இரண்டு தைப்பூசத்துக்குப் பழனி வரை சுமந்துபோன பொருள். மூன்றாவது வருடம் இரண்டு பவர் பேங்க் மட்டும் எடுத்துப் போனேன். ஒரு குறையும் தெரியவில்லை. அடுத்த தை நெருங்குவதால் எதை வாங்கலாம் என்று எங்கள் குழுவிலேயே நாலு பேர் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்கு வாயால் சொன்னதைத்தான் எழுதுகிறேன். நான் பவர் பேங்க் கட்சி என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

பேனல் மேல் ஆசை வந்ததற்குக் காரணம் கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலையில் அந்தப் புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே இருக்கும் அக்கா வீட்டில் மூன்று வாரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. தெருவில் ஒருவர் ஜெனரேட்டர் வைத்து, போனுக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு சார்ஜ் போட்டுக் கொடுத்தார். வரிசையில் நின்ற அக்கா போனில் சொன்னாள்: "வெயில் என்னமோ சும்மாதான்டா காயுது." அது மனதில் ஒட்டிக்கொண்டது. சில வருடம் கழித்து 21 வாட் பேனல் ஒன்றை வாங்கினேன். வாங்கியதோ புயலை நினைத்து, சோதித்ததோ பாதயாத்திரையில்.

எடையும் விலையும் சீக்கிரம் முடிகிற சமாச்சாரம். பேனல் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. 10,000 எம்.ஏ.ஹெச். (எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதன் அளவு) பவர் பேங்க் அதில் பாதி கூட இல்லை, விலையும் குறைவு. அதோடு, எங்கள் குழுவின் பெரிய மூட்டைகள் எல்லாம் சமையல் வண்டியில் போய்விடும். தோளில் இருப்பது ஒரு சின்னப் பைதான். ஆகவே எடையை வைத்து எதையும் தள்ளிவிட முடியாது.

வாங்கும்போது பலர் ஏமாறுவது எண்ணில். பவர் பேங்கின் உள்ளே இருக்கும் செல் 3.7 வோல்ட். 10,000 என்பது அந்த 3.7 வோல்ட்டுக்கு உண்டான கணக்கு, வாட்-அவரில் (ஒரு வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு வாட்-அவர்) சொன்னால் 37. வெளியே தரும்போது 5 வோல்ட்டாக ஏற்ற வேண்டும், அதில் கொஞ்சம் சூடாகவே போய்விடும். பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் 6,000 சொச்சம் என்று இன்னொரு எண் இருக்கும். உங்களுக்குக் கிடைப்பது அதுதான். 5,000 எம்.ஏ.ஹெச். போனை ஒரு தடவை முழுசாகவும், இன்னொரு தடவை கால்வாசிக்கு மேலும் ஏற்றலாம். இரண்டு தடவை ஏறவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், நான் போயிருக்கிறேன். ஆனால் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் இல்லாத பவர் பேங்கை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். தலைமாட்டில் வைத்துத் தூங்குகிற பொருள் அது.

பேனலின் எண்ணும் அப்படித்தான். 21 வாட் என்பது ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெளிச்சம் விழ, செல்லின் சூடு 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. நம் ஊர் உச்சி வெயிலில் அந்தக் கறுப்புத் தகட்டைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் கிட்டத்தட்ட 0.4 சதவீதம் குறையும். தகடு 55, 60 டிகிரிக்குப் போனால் எட்டில் ஒரு பங்கு அதிலேயே போச்சு. வெயில் ஏற ஏற நல்லது என்று நினைத்திருந்தேன். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம்தான், சூடு அதற்கு ஆகாது. எத்தனை வாட் வருகிறது என்று காட்டும் சின்ன யூ.எஸ்.பி. மீட்டர் ஒன்றைச் செருகிப் பார்த்தேன். மேகமில்லாத நடுப்பகலில், தகட்டைச் சூரியனுக்கு நேராகச் சாய்த்து வைத்தால், ஒரு போர்ட்டில் 11 வாட் வந்தது. அது மோசமில்லை. அந்த வேகத்தில் இரண்டு இரண்டரை மணி நேரத்தில் ஒரு போன் நிரம்பிவிடும்.

பிறகு ஏன் கொடுத்தேன்? அதற்கு எங்கள் நடையைச் சொல்ல வேண்டும்.

காரைக்குடிப் பக்கத்திலிருந்து குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று போகிற வழி. பெரும்பாலோர் செருப்புப் போடுவதில்லை. பத்து மணிக்கு மேல் தார் ரோட்டில் வெறுங்காலை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் யாரும் நடக்க மாட்டார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இருட்டிலேயே கிளம்பி, ஒன்பதரைக்குள் ஒரு மண்டபத்திலோ தோப்பிலோ ஒதுங்கிவிடுவோம். சாப்பாடு, தூக்கம், கொப்புளத்துக்கு வைத்தியம். நாலு மணிக்குத் தார் ஆறினதும் மறுபடி நடை, ராத்திரி எட்டு ஒன்பது வரை.

இப்போது பேனலை இதில் வைத்துப் பாருங்கள். முதல் வருடம் அதை முதுகுப் பையில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தேன். பழனி எங்களுக்கு மேற்கே. காலையில் சூரியன் சரியாக முதுகுக்குப் பின்னால் வரும். சாமியே பார்த்துச் செய்த ஏற்பாடு என்று பூரித்துப் போனேன். மீட்டர் மூன்று வாட்டைத் தாண்டவில்லை. ரோட்டோரப் புளியமரங்களின் நிழல் ஒன்று மாற்றி ஒன்றாக விழுந்துகொண்டே இருந்தது. தோளில் போட்ட துண்டின் நுனி தகட்டின் ஒரு மூலையை மறைத்தாலும், உள்ளே செல்கள் வரிசையாகக் கோத்திருப்பதால் மொத்தமும் படுத்துவிடும். ஒரு கட்டை மறைத்தால் குழாய் முழுக்கத் தண்ணீர் நிற்கிற மாதிரி. ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை இப்படி நடந்தால் போன் கால்வாசி, முப்பது சதவீதம் ஏறும். சாயங்காலம் சூரியன் முகத்துக்கு நேரே வந்துவிடும், முதுகில் இருப்பது வெறும் அலங்காரம்.

சரி, நடக்கும்போது வேண்டாம், ஒதுங்கும்போது விரிக்கலாம் என்று இரண்டாம் வருடம் மாற்றினேன். பத்திலிருந்து மூன்று வரை நல்ல வெளிச்சம், நாமும் சும்மாதானே கிடக்கிறோம்? அங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. வெயில் நேரத்தில் நாம் ஒதுங்குவதே நிழலுக்காக. தகட்டை விரிப்பது மண்டபத்துக்கு வெளியே, வெட்டவெளியில். ஆயிரக்கணக்கான பேர் போய்வரும் இடம். யாராவது அதன் பக்கத்தில் காவல் இருக்க வேண்டும். அரை மணிக்கு ஒரு முறை திருப்ப வேண்டும். தை மாதத்தில் நம் ஊரில் உச்சிச் சூரியனே தலைக்கு நேரே நிற்காது, தெற்கே சாய்ந்துதான் இருக்கும். தரையில் மல்லாக்கப் போட்டால் உச்சி நேரத்திலேயே பத்தில் ஒரு பங்கு போய்விடும். மூன்று மணிக்கெல்லாம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. மூன்று மணிக்கு எழுந்து நடந்துவிட்டு வந்து படுத்த மனிதன், அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து தகடு திருப்புவானா? நான் முதல் நாள் திருப்பினேன். இரண்டாம் நாள் ஒரு பையனிடம் சொல்லிவிட்டுத் தூங்கினேன். விழித்தபோது அவனும் தூங்கியிருந்தான். தகட்டின் மேல் யாரோ ஈரத் துண்டைக் காயப் போட்டிருந்தார்கள்.

சமையல் வண்டியின் கூரையில் கட்டிவிடலாம் என்று என் மச்சினர் ஒரு யோசனை சொன்னார். நல்ல யோசனைதான். வண்டி முன்னால் போய் நாள் முழுக்க நின்றுகொண்டுதான் இருக்கும். ஆனால் எந்த டிரைவர் வண்டியை வெயிலில் நிறுத்துவார்? இருப்பதிலேயே பெரிய ஆலமரம் எங்கே என்று தேடி, அதன் அடியில் கொண்டுபோய் விட்டார்.

அதனால் பேனல் வாங்க நினைப்பவரிடம் எத்தனை வாட் என்று நான் கேட்பதில்லை. வெயில் அடிக்கும் நேரத்தில் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று கேட்கிறேன். நிழலில் என்றால் பேனல் வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. பேனலிலிருந்து போனுக்கு நேரே வயர் போடுவது சரிப்படவில்லை. ஒரு மேகம் கடந்தால் மின்சாரம் விழும், போன் சார்ஜை நிறுத்திவிடும். மேகம் விலகிய பிறகு சில சமயம் தானாகத் தொடங்கும், சில சமயம் வயரைக் கழற்றி மாட்ட வேண்டும். வெயிலில் கிடக்கும் போன் சூடாகித் தானே மறுத்துவிடுவதும் நடக்கும். ஆகவே நடுவில் ஒரு பவர் பேங்கை வைத்து, அதைத் தகட்டின் நிழலில் ஒளித்து, ராத்திரி அதிலிருந்து போனுக்கு ஏற்றுவதுதான் ஒழுங்கான வழி. அப்படியென்றால் பேனல் வாங்கினாலும் பவர் பேங்க் வாங்கியாக வேண்டும். பவர் பேங்க் வாங்கியவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

பவர் பேங்கிலும் எனக்குக் குறை உண்டு. 20,000 எம்.ஏ.ஹெச். ஒன்றை வாங்கிப் போன நண்பர் கஷ்டப்பட்டார். காலியான அதைச் சாதாரண 10 வாட் சார்ஜரில் நிரப்ப எட்டு ஒன்பது மணி நேரம் பிடிக்கும், எங்கள் மதிய ஓய்வோ ஆறு மணி நேரம். 18 வாட்டில் வாங்கிக்கொள்ளும் ரகமாக இருந்து, சார்ஜரும் அதற்கு ஏற்றதாக இருந்தால் சமாளிக்கலாம். மண்டபத்தில் ப்ளக் கிடைப்பதும் தனி யுத்தம். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சுற்றி இருபது போன், அதற்கு மேல் தொங்கும் இருபது வயர். நம்முடையதை யாராவது பிடுங்கிவிட்டுத் தன்னுடையதைச் சொருகிவிட்டுப் போவார். பேனல்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். எனக்குச் சரிப்பட்டது 10,000-ல் இரண்டு. ஒன்றை மண்டபத்தில் விட்டு, ஒன்றைப் பையில் வைத்துக்கொள்வேன். ரோட்டோர டீக்கடையில் கேட்டால் இரண்டு மணி நேரத்துக்குச் சொருகவிடுவார்கள். ரெண்டு டீ கூடக் குடிக்க வேண்டும், அவ்வளவுதான். அன்னதானப் பந்தல்களிலும் மறுத்ததில்லை. ஏழு நாளில் ஒரு நாள் கூடப் போன் அணையவில்லை.

பராமரிப்பு பற்றி ஒரு வார்த்தை. பழனியிலிருந்து திரும்பியதும் பவர் பேங்கைக் காலியாகவே பீரோவில் போட்டு, அடுத்த தையில் எடுக்காதீர்கள். பாதி ஏற்றி, சூடில்லாத இடத்தில் வைத்து, மூன்று நாலு மாதத்துக்கு ஒரு தரம் எடுத்துப் பாருங்கள். வயிறு உப்பியிருந்தால் யோசிக்காமல் கழித்துவிடுங்கள். பேனலுக்கு இந்தக் கவலை குறைவு. என்னுடையது இரண்டு வருடத்தில் மடிப்பு ஓரத்தில் துணி கிழிந்ததைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாறு வருடம் போனால் எப்படி இருக்கும் என்று சொல்லும் அளவுக்கு நான் வைத்துக்கொள்ளவில்லை.

முதுகில் சின்ன சோலார் தகடு ஒட்டிய பவர் பேங்க் ஒன்று விற்கிறார்களே, அது? வாங்காதீர்கள். உள்ளங்கை அகலத் தகட்டில் ஒரு வாட், மிஞ்சிப்போனால் ஒன்றரை வாட் வரும். 20,000 எம்.ஏ.ஹெச். என்றால் 74 வாட்-அவர். நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள், நல்ல வெயிலில் பத்துப் பன்னிரண்டு நாள் காய வைக்க வேண்டும். லித்தியம் செல்லுக்கு ஆகாதது சூடு, அதையே வெயிலில் போட்டு வாட்டுவதை என்னவென்று சொல்வது.

வெள்ளியங்கிரி ஏறுகிறவர்களுக்கு இந்த அலசலே தேவையில்லை. ராத்திரியில் ஏறி விடியும்போது ஏழாவது மலையில் நிற்கப்போகிற ஆளுக்கு பேனல் எதற்கு? டார்ச்சுக்கும் போனுக்கும் சேர்த்து ஒரு 10,000 போதும். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் பகலில் நடந்தாலும் தலைக்கு மேல் மரமும் மஞ்சும்தான். இமயமலைப் பக்கம் பத்துப் பதினைந்து நாள் ப்ளக்கே இல்லாமல் நடப்பவர்கள் பேனல்தான் உதவியது என்கிறார்கள். இருக்கலாம். நான் அங்கே போனதில்லை, அதனால் அதில் வாய் வைக்கவில்லை.

என் பேனல் எங்கே ஜெயித்தது என்று கேட்டால், கிடையில். எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் செம்மறி ஆடு வைத்திருக்கிறார். அறுப்பு முடிந்ததும் மந்தையை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் போய், வயல் வயலாகக் கிடை போடுவார். வருடத்தில் பல மாதம் வெட்டவெளியில்தான் வாசம். ப்ளக்குக்கு ஊருக்குள் ஒன்றிரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும், மந்தையை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. வெயில் எங்கே அடிக்கிறதோ அங்கேதான் அவர் நாள் முழுக்க நிற்கிறார். குட்டிகளை அடைக்கும் மூங்கில் கூட்டின் மேல் தகட்டை விரித்துக் கட்டி, ஒரு பழைய பவர் பேங்கையும் சேர்த்துக் கொடுத்தேன். திருப்பி வைக்க மறந்தாலும், காலையிலிருந்து சாயங்காலம் வரை காய்கிற தகட்டுக்கு அது பெரிய நஷ்டமில்லை. அவர் போன் மட்டுமில்லாமல் கூட வந்த இரண்டு பேரின் போனும், ராத்திரி நரிக்கு எரிக்கும் விளக்கும் அதிலேயே ஓடுகிறதாம்.

போன வாரம் அவரே கூப்பிட்டார்.

"தம்பி, தகடு நல்லா வேலை செய்யுது. ஒண்ணும் பழுதில்ல."

"அப்புறம் என்னண்ணே?"

"வயரைக் குட்டி தின்னுடுச்சு. கொஞ்சம் கெட்டியா ஒண்ணு வாங்கி பஸ்ல போட்டு விடேன்."

மேலே துணி பின்னிய வயர் ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறேன். குட்டிக்கு அது பிடிக்காமல் இருக்க வேண்டும்.